சட்டம் படிப்பவர்கள் வகுப்பறைக்கு வெளியே என்ன செய்கிறார்கள்? (கொஞ்சம் வரலாறு)

நண்பர்களே, இந்த முறை நம்ம காமர்ஸை ஓரமாக வைத்துவிட்டு பக்கத்து டிபார்ட்மெண்ட் பக்கம் போய் வரலாம்.

பி.காம் படிக்கிறவர்களையும் சட்டம் சும்மா விடுவதில்லை. 'பிசினஸ் லா' என்று ஒரு பேப்பர். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக உருப்போட வேண்டும். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று எழுதி, பக்கத்தில் மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ், 1903 என்று ஒரு வரி போட்டால் மார்க் வந்துவிடும். அந்த வழக்கை யார் நடத்தினார்கள், அவர்கள் அந்த வேலையை எங்கே கற்றார்கள் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

ஆனால் டிகிரி முடித்துவிட்டு மூன்று வருட சட்டப் படிப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் எல்லா பி.காம் வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் பாடத்திட்டத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படுவதில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "வீட்ல யாரும் வக்கீல் இல்லையே, நாம உள்ள போய் நிக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். சட்டப் படிப்பில் வகுப்பறைக்கு வெளியே நடக்கும் விஷயங்கள், அதாவது மூட் கோர்ட், இலவச சட்ட உதவி மையம், இன்டர்ன்ஷிப், சீனியரிடம் வேலை பழகுவது, இவையெல்லாம் எப்படி வந்தன என்று பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கோர்ட்டும் காலேஜும் ஒரே காம்பவுண்ட்

சென்னையில் சட்ட வகுப்புகள் 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே மாநிலக் கல்லூரியோடு சேர்ந்து தொடங்கிவிட்டன. தனியாக ஒரு சட்டக் கல்லூரி வந்தது 1891-ல். அடுத்த ஆண்டே, 1892-ல், பாரிமுனையில் இன்று நாம் பார்க்கும் சிவப்பு நிற உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே சட்டக் கல்லூரிக்கும் ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடம் எழுந்தது. 1899 முதல் கல்லூரி அங்கேதான்.

இப்படிப் பக்கத்தில் வைத்ததில் ஒரு பெரிய லாபம். வகுப்பு முடிந்த மாணவன் சில நிமிடங்களில் ஒரு கோர்ட் ஹாலின் பின் பெஞ்சில் போய் உட்காரலாம். பெரிய வக்கீல் எப்படி எழுந்து நிற்கிறார், நீதிபதி குறுக்கே கேட்டால் என்ன சொல்கிறார், எதிர்த்தரப்பு எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதற்குத் தனியாக ஒரு பாடமோ மார்க்கோ தேவைப்படவில்லை.

அதே 1891-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. மயிலாப்பூர் வக்கீல்கள் சிலர் வாரந்தோறும் சனிக்கிழமை கூடி, புதிதாக வந்த தீர்ப்புகளை விவாதிப்பது வழக்கம். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற இதழ் பிறந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர், பி.ஆர். சுந்தரம் ஐயர் போன்றவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். இன்று சட்டக் கல்லூரிகளில் மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து 'லா ரிவ்யூ' நடத்துகிறார்கள் அல்லவா? தீர்ப்பைப் படித்து, அதில் சரி எது தவறு எது என்று எழுதிப் பழகும் அந்த வேலை நம்ம ஊரில் இப்படி வீட்டுத் திண்ணையிலும் ஹாலிலும் தொடங்கியிருக்கிறது.

சீனியரின் அறை

சிஏ படிக்கும் நண்பர்களுக்கு அடுத்த விஷயம் எளிதாகப் புரியும். உங்களுக்கு ஆர்டிகிள்ஷிப் இருக்கிறது. முன்பு மூன்று வருடம், 2023-ல் வந்த புதிய திட்டப்படி இரண்டு வருடம். ஒரு ஆடிட்டரிடம் கட்டாயம் வேலை பழக வேண்டும், அவரும் ஒரு குறைந்தபட்ச ஸ்டைபண்ட் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சென்னை வக்கீல்களுக்கும் இது மாதிரி ஒன்று இருந்தது. பெயர் அப்ரெண்டிஸ்ஷிப். பி.எல். பட்டம் வாங்கியதும் நேராக கோர்ட்டில் போய் நிற்க முடியாது. அனுபவமுள்ள ஒரு வக்கீலிடம் சேர்ந்து பழகிய பிறகுதான் பதிவு. அந்தக் காலகட்டத்தில் கட்சிக்காரர் வந்து தன் கதையைச் சொல்லும்போது ஜூனியர் ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பான். பிராது எழுதிக் கொண்டுபோய் நீட்டுவான், சீனியர் பாதியை அடித்துத் திருப்பிக் கொடுப்பார். அதுதான் படிப்பு.

இதில் பலன் பெற்றவர்களில் பெரிய பெயர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். நெல்லூர் பக்கம் ஒரு சின்ன கிராமம், அப்பா புரோகிதர். சொத்து கிடையாது. அவர் மேலே சொன்ன சுந்தரம் ஐயரிடம் தொழில் பழகினார். பிறகு 1929 முதல் 1944 வரை சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். அப்புறம் அம்பேத்கர் தலைமையிலான அரசியல் சட்ட வரைவுக் குழுவில் உறுப்பினர். ஒரு சீனியர் கதவைத் திறந்தால் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். யாரை ஜூனியராக எடுப்பது என்பது முழுக்க முழுக்க சீனியர் விருப்பம். உறவு, ஊர், சாதி, சிபாரிசு எல்லாம் அந்த அறைக்குள் நுழையும் டிக்கெட்டாக இருந்தன. மயிலாப்பூர் வட்டத்துக்கு வெளியே இருந்த முதல் தலைமுறை மாணவனுக்கு அல்லாடி அளவுக்கே மூளை இருந்திருக்கலாம். தட்டுவதற்கு ஒரு வீட்டு முகவரி இருந்திருக்காது.

பெண்களுக்கோ சட்டமே குறுக்கே நின்றது. கல்கத்தாவில் ரெஜினா குஹா 1916-லும், பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா 1921-லும் வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது, பெண் என்பதாலேயே மறுக்கப்பட்டார்கள். 1923-ல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தடை விலகியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 1920களின் கடைசியில் ஆனந்தாபாய் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். அதே பாரிமுனைக் கட்டடத்தில் ஆண்கள் முப்பது நாற்பது வருடமாகப் படித்துக்கொண்டிருந்த பிறகு!

விருந்துக்குப் பிறகு வாதம்

நடுவில் மூட் கோர்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சட்டக் கல்லூரி என்றாலே போஸ்டரில் முதலில் தெரிவது அதுதான்.

மூட் கோர்ட் என்றால் பாவனை நீதிமன்றம். கற்பனையாக ஒரு வழக்கு கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் மாணவர்கள். எழுத்தில் ஒரு வாதுரை தயாரித்து, கோட்டு போட்டுக்கொண்டு, நீதிபதி இடத்தில் இருப்பவர் முன்னால் வாதாட வேண்டும். இதன் வேர் லண்டனில் இருக்கும் 'இன்ஸ் ஆஃப் கோர்ட்' எனப்படும் பழைய வக்கீல் சங்கங்களில். அங்கே மாணவர்கள் மூத்த வக்கீல்களோடு ஒரே ஹாலில் சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு பாவனை வழக்கு நடத்துவார்கள். காந்தி இன்னர் டெம்பிளிலும் அம்பேத்கர் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தவர்கள். காந்தி காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்கு இத்தனை விருந்துகளுக்கு வந்திருக்க வேண்டும் என்ற கணக்கே இருந்தது. அவர் பாரிஸ்டர் ஆனதும் நம்ம சட்டக் கல்லூரி பிறந்த அதே 1891-ல்தான்.

இன்று உலகத்தில் பெரிய மூட் போட்டி ஜெஸ்ஸப். 1960-ல் ஹார்வர்டில் சின்னதாகத் தொடங்கியது. சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பிலிப் ஜெஸ்ஸப் பெயரில் நடக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999-ல் அதை வென்றது. முதல் மாணவர்கள் 1988-ல்தான் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தார்கள். பதினோரு வருடத்தில் உலகக் கோப்பை மாதிரி! அதன் முதல் இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன். சட்டத்தைக் கையால் வேலை செய்து கற்க வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தவர். 2019-ல் மறைந்தார்.

1973: கதவைக் கழற்றிய வருடம்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம்.

1961-ல் வழக்கறிஞர்கள் சட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே வகை வக்கீல், ஒரே வகைப் பதிவு. பதிவுக்கு முன் பயிற்சியும் ஒரு தேர்வும் வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. ஆனால் 1973-ல் வந்த திருத்தச் சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு டிகிரி வாங்கினால் போதும், மறுநாளே கோட்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஏழை மாணவனுக்கு நல்லது. சிபாரிசு தேடி அலைய வேண்டாம், ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் காத்திருக்க வேண்டாம். ஆனால் நடந்தது என்ன? கட்டாயம் போனது, தேவை போகவில்லை. அப்பா வக்கீலாக இருந்தவர்கள் வீட்டிலேயே தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். மற்றவர்கள் வக்காலத்து எப்படி எழுதுவது என்று தெரியாமலே வக்கீல் ஆனார்கள். சிஏ-வில் ஆர்டிகிள்ஷிப்பை ரத்து செய்துவிட்டு, பரீட்சை பாஸானதும் கையெழுத்து போடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

பார் கவுன்சில் 1995-ல் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் வி. சுதீர் வழக்கில் அந்த விதிகளை ரத்து செய்தது. நாடாளுமன்றம் எடுத்ததை விதி போட்டுத் திருப்ப முடியாது என்பது காரணம். பிறகு 2010-ல் அகில இந்திய பார் தேர்வு அறிவிக்கப்பட்டது. அதைச் செல்லும் என்று 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு சொன்னது, சுதீர் தீர்ப்பு சரியல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. ஒரு கதவைக் கழற்றி, திரும்ப மாட்ட ஐம்பது வருடம்.

கிருஷ்ணய்யர் காட்டிய வேறு வழி

அதே 1973. அப்ரெண்டிஸ்ஷிப் போன அதே வருடத்தில் இன்னொரு அறிக்கை வந்தது. ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்வது எப்படி என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை. தலைவர் வி.ஆர். கிருஷ்ணய்யர்.

இவர் நம்ம கதைக்கு வெளியாள் கிடையாது. பாலக்காட்டுக்காரர், சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர். அன்று மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்தது. அவருக்கு சீனியரைத் தேடும் கஷ்டம் இல்லை, அப்பாவே வக்கீல். 1938-ல் தொழிலைத் தொடங்கி, விவசாயிகள், தொழிலாளர்கள் வழக்குகளை நிறைய நடத்தினார். 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சர். 1973-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி.

அந்த அறிக்கை சொன்ன விஷயங்களில் ஒன்று, சட்ட மாணவர்களைச் சட்ட உதவி வேலையில் இறக்குங்கள் என்பது. 1977-ல் நீதிபதி பகவதியும் அவரும் சேர்ந்து கொடுத்த அறிக்கையிலும் இதே எண்ணம் தொடர்ந்தது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு உதவி கிடைக்கும். சீனியர் கிடைக்காத மாணவனுக்கு உண்மையான கட்சிக்காரர் கிடைப்பார். மாணவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று அந்தக் கட்சிக்காரர் கேட்கப்போவதில்லை.

சட்டமும் மெதுவாகப் பின்னால் வந்தது. 1976-ல் நிறைவேறிய 42-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவைச் சேர்த்தது. பணமில்லை என்பதால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் சாரம். 1978-ல் ஹோஸ்கோட் வழக்கில் கிருஷ்ணய்யர், சிறையில் இருப்பவர் மேல்முறையீடு செய்யச் சட்ட உதவி பெறுவது உரிமை என்று தீர்ப்பளித்தார். 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்கில் கிடந்தவர்கள் கதை வெளியே வந்தது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறி, 1995 நவம்பர் 9-ல் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண் என்றால் வருமானம் பார்ப்பதில்லை. கூப்பிட வேண்டிய எண் 15100. இது நம்ம வீட்டுப் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிய வைப்பதே சட்ட மாணவனின் முதல் வேலை.

இன்றைக்கு விதிப்படி என்னென்ன உண்டு?

1998-99 கல்வியாண்டு முதல் பார் கவுன்சில் நான்கு செய்முறைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. 2008-ம் ஆண்டு விதிகள் அதை இன்னும் விவரமாகச் சொல்கின்றன. சுருக்கமாக:

1. மூட் கோர்ட்: வருடத்தில் மூன்று. மொத்தம் 30 மதிப்பெண். எழுத்துக்குப் பாதி, பேச்சுக்குப் பாதி.

2. வழக்கு பார்த்தல்: ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். இதற்கு 30.

3. கட்சிக்காரரிடம் பேசிப் பழகுதல், ஆவணம் தயாரித்தல்: வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி மையத்திலோ. இதற்கும் 30. மீதி 10 வாய்மொழித் தேர்வுக்கு.

4. இன்டர்ன்ஷிப்: மூன்று வருடப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்து வருடப் படிப்பில் 20 வாரம். வக்கீல், நீதிமன்றம், தொண்டு நிறுவனம், கம்பெனி என்று பல இடங்களில் செய்யலாம்.

5. சட்ட உதவி மையம்: ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். ஒரு மூத்த ஆசிரியர் மேற்பார்வையில் இறுதியாண்டு மாணவர்கள் நடத்த வேண்டும்.

6. துணைநிலை சட்டத் தன்னார்வலர்: 2009-ல் தொடங்கிய திட்டம். சட்ட மாணவர்களும் சேரலாம்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். மாணவர் கோர்ட்டில் எழுந்து அடுத்தவருக்காக வாதாட முடியாது, அது வக்கீலுக்கு மட்டும். குறிப்பிட்ட ஒரு வழக்கில் மட்டும் நீதிமன்றம் அனுமதித்தால் வக்கீல் அல்லாதவரும் பேசலாம் என்று 32-வது பிரிவில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அமெரிக்காவில் மேற்பார்வையோடு மாணவர்கள் வாதாடத் தனி விதிகளே உண்டு, இங்கே அந்த அளவுக்கு வரவில்லை. ஆனாலும் மனு எழுதுவது, ஆவணம் சேர்ப்பது, யாருக்கு உதவி கிடைக்கும் என்று கண்டுபிடித்து அழைத்துப் போவது, இதெல்லாம் செய்யலாம். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அவர்களில் பலருக்கு முதலில் தேவைப்படுவது பெரிய வாதம் கிடையாது. தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள்.

பாரிமுனையிலிருந்து நம்ம பக்கத்துக்கு

இனி நம்ம ஏரியா கதை.

2008 நவம்பர் 12. அம்பேத்கர் பெயர் தாங்கிய அந்தப் பாரிமுனைக் கல்லூரியில் மாணவர்களுக்குள் சாதி ரீதியான மோதல். கீழே விழுந்து கிடந்த மாணவனை உருட்டுக் கட்டையால் அடிப்பதையும், போலீஸ் நின்று பார்ப்பதையும் டிவியில் நாடே பார்த்தது. நீதிபதி பி. சண்முகம் ஆணையம் அமைக்கப்பட்டது. கல்லூரியை அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று அது பரிந்துரைத்தது. 2018-ல் மாணவர்களின் போராட்டத்தையும் மீறி மாற்றினார்கள். ஒரு பகுதி திருவள்ளூர் பக்கம் பட்டரைப்பெரும்புதூருக்கு, இன்னொரு பகுதி கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்துக்கு.

மாணவர்கள் எதிர்த்ததற்கு முக்கியக் காரணம், இந்தக் கட்டுரை முழுக்க நாம் பேசிய அதே விஷயம்தான். காலையில் வகுப்பு, பிறகு கோர்ட், சாயங்காலம் சீனியர் ஆபீஸ் என்று ஒரு நாளை ஓட்ட பாரிமுனையில் முடிந்தது. புதுப்பாக்கத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு பஸ் மாறி, ரயில் மாறிப் போய்ச் சேர்வதற்குள் கோர்ட் எழுந்துவிடும். நூறு வருடத்துக்கு முன் யாரோ யோசித்து பக்கத்தில் வைத்ததை, ஒரு கலவரத்துக்காகப் பிரித்துவிட்டார்கள். அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் பலர் முதல் தலைமுறை. அவர்களிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் தூரம் இல்லாமைதான். கலவரத்துக்குக் காரணமான சாதி உணர்வு கட்டடத்தில் இருந்ததா, அதைக் காலி செய்ததும் அது போய்விட்டதா என்பதற்கு எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். செங்கல்பட்டில் அரசு சட்டக் கல்லூரி, 2002 முதல். கட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். சட்டப் பள்ளி. வண்டலூரில் கிரசென்ட். வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் விஐடி. அதே சாலையில் இன்னும் போனால் புதுப்பாக்கம். பெருங்குடி பக்கம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி. சட்டப் படிப்பு பாரிமுனையை விட்டு ஜிஎஸ்டி ரோடுக்கும் ஓஎம்ஆருக்கும் வந்துவிட்டது. உயர் நீதிமன்றம் மட்டும் பாரிமுனையிலேயே இருக்கிறது.

ஆனால் கோர்ட் என்றால் உயர் நீதிமன்றம் மட்டும்தானா? கட்டாங்குளத்தூரில் ரயில் ஏறினால் மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், நாலாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. அங்கே மாவட்ட நீதிமன்றம். எதிர்ப்பக்கம் போனால் தாம்பரத்திலும் நீதிமன்றங்கள். சாதாரண ஜனங்களின் நிலத் தகராறு, ஜீவனாம்சம், செக் பவுன்ஸ், விபத்து இழப்பீடு எல்லாம் நடப்பது இங்கேதான். விதி கேட்கும் அந்த ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணையைப் பார்க்கவே முடியாது, அது கீழ்க் கோர்ட்டில்தான்.

இரண்டு உதாரணங்கள்

ஸ்ரேயா சிங்கால் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012-ல், சட்டக் கல்லூரியில் சேரும் முன்பே, 21 வயதில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். ஃபேஸ்புக்கில் ஒரு கருத்து போட்டதற்காக மகாராஷ்டிராவில் இரண்டு பெண்கள் கைதானது அவரைத் தூண்டியது. 2015 மார்ச் 24-ல் அந்தப் பிரிவு ரத்தானது. இன்று நாம் தைரியமாக எழுதுவதில் அவருக்கும் பங்குண்டு. அதே சமயம் அவர் அம்மா உச்ச நீதிமன்ற வக்கீல், பாட்டி டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அவருக்குக் கதவு வீட்டிலேயே இருந்தது.

இரண்டாவது, பசிபிக் கடலில் வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு. 2019-ல் அங்கே தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் படித்த 27 சட்ட மாணவர்கள், வகுப்பில் பேசிய ஒரு யோசனையைக் கையில் எடுத்தார்கள். கடல் மட்டம் உயர்ந்து தங்கள் தீவுகள் மூழ்கும் விஷயத்தில் உலக நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்கலாமே என்பதுதான் அது. அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு ஏற்றது. 2023 மார்ச் 29-ல் ஐ.நா. பொதுச் சபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை சொன்னது. இவர்களைத் தூக்கி விட்டது பெரிய வக்கீல் குடும்பம் எதுவும் இல்லை. ஒரு வகுப்பு, ஒரு நல்ல ஆசிரியர், விடாமல் செய்த வேலை.

அப்போ நாம உள்ள போய் நிக்க முடியுமா?

முடியும், ஆனால் சும்மா முடியாது என்பதுதான் இந்த வரலாறு சொல்வதாக நான் புரிந்துகொண்டது. முன்பு வாய்ப்பு சீனியரின் வீட்டு வாசலில் இருந்தது, சிலருக்கு மட்டும் கிடைத்தது. இன்று அது விதிப்புத்தகத்தில் எல்லோருக்கும் எழுதப்பட்டிருக்கிறது. விதியில் இருப்பதைக் கல்லூரி உண்மையாக நடத்தினால் முதல் தலைமுறை மாணவன் பிழைப்பான். இன்டர்ன்ஷிப் சான்றிதழைத் தெரிந்த வக்கீலிடம் கையெழுத்து மட்டும் வாங்கி ஒட்டினால், பழையபடி வக்கீல் வீட்டுப் பிள்ளைதான் ஜெயிப்பான்.

பணமும் ஒரு பெரிய தடை. ஜூனியர்களுக்குச் சம்பளம் தராத பழக்கத்தை 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, பெரிய நகரங்களில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சொன்னது. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அந்த மூன்று வருடம் வீட்டில் பணம் உள்ளவனால் தாங்க முடியும். மற்றவர்களுக்கு அந்த 15,000 ரூபாய் உண்மையாகக் கைக்கு வந்தால்தான் நீதிபதி நாற்காலி பற்றிய பேச்சே.

பி.காம் முடித்து சட்டம் போகப்போகும் நண்பர்களுக்கு என் ஆலோசனை இதுதான். அட்மிஷன் போடும் முன் ஏசி வகுப்பறையைச் சுற்றிக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சீனியர் மாணவர்களைப் பிடித்து நாலே கேள்வி கேளுங்கள். சட்ட உதவி மையம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது? போன மாதம் உண்மையில் யாராவது பிரச்சினையோடு அங்கே வந்தார்களா? கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்களா, நோட்டில் காப்பி அடித்து எழுதச் சொல்கிறார்களா? வக்கீல் யாரையும் தெரியாத மாணவனுக்கு இன்டர்ன்ஷிப் இடம் பிடித்துத் தர ஆள் இருக்கிறாரா?

நாலுக்கும் நல்ல பதில் வந்தால் தைரியமாகச் சேருங்கள். நல்ல பதில் இல்லாத கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? மனதை விடாதீர்கள். செங்கல்பட்டு ரயில் இருக்கிறது. கோர்ட்டின் பின் பெஞ்ச் இன்றும் பொதுமக்களுக்குத் திறந்துதான் இருக்கிறது, அதற்கு யார் சிபாரிசும் வேண்டாம் :-)

வாழ்த்துகள் நண்பர்களே. அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.